வாயில் தெரியும் புண்ணை இரத்தத்தில் தேடாதீர்கள்

இரத்தம் சோதித்தால் போதும், வாய்ப்புண்ணில் சதை வெட்ட வேண்டாம் என்ற கதையோடு எங்கள் கிளினிக்குக்கு இன்னொருவரும் வந்தார். முத்தையன்கட்டுப் பக்கத்துக் கமக்காரர். நாக்கின் ஓரத்தில் ஒரு புண். விரலால் தொட்டால் விளிம்பு கல்லாக இறுகியிருக்கிறது. காலபோக விதைப்புக்கு முன்னரே தொடங்கியதாம். இப்போது அறுவடையும் முடிந்துவிட்டது. ஏன் ஐயா இவ்வளவு காலம் என்றால், கனடாவிலிருந்து மகன் செய்தி அனுப்பியிருக்கிறார்: சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகளை வைத்து ஒரு சொட்டு இரத்தத்திலேயே புற்றுநோயைப் பிடித்துவிடலாம், சோதனைக்குச் சதைத்துண்டு வெட்டத் தேவையில்லை.

செய்தி முழுப்பொய் என்றால் எனக்கு வேலை சுலபம். அந்தத் துணுக்குகளின் பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ., கலங்களுக்குள் மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்துபவை. 1993இல் ஒரு நுண்புழுவில் கண்டறியப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 22 மரபெழுத்து நீளம்தான். அந்தக் கண்டுபிடிப்புக்காக விக்டர் அம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்கனுக்கும் 2024இல் நோபல் பரிசும் கிடைத்தது. புற்றுநோயில் இவற்றின் அளவு மாறுவது உண்மைதான். ஆனால் அவற்றில் அதிகம் பேசப்படும் மிர்-21 என்பது சாதாரண அழற்சியிலும் கூடும். செங்குழியங்கள் உடைந்தால் அவற்றிலுள்ள துணுக்குகள் கலந்து கணக்கையே குழப்பிவிடும். (அப்படிச் செங்குழியம் உடைந்து சிவந்துபோன சீரத்தை, அதாவது இரத்தத்தின் தெளிநீரை, கண்டால் ஆய்வுகூடத்தார் முகம் சுளிப்பது சும்மா அல்ல.) மருந்தாக்கும் முயற்சியும் நடந்தது, மிர்-34 என்ற இன்னொரு துணுக்கைப் போலச் செய்யப்பட்ட மருந்தின் ஆய்வு, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது.

உண்மையில் என் எரிச்சல் ஆர்.என்.ஏ. மீது அல்ல, 'சதை வெட்டினால் பரவும்' என்ற பேச்சின் மீது. ஊரில் இறந்த ஒருவரைச் சொல்லி, "அவருக்கு வெட்டினார்கள், மாரிக்குள் போய்விட்டார்" என்கிறார்கள். வெட்ட வந்தபோதே அவருக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்ததை யாரும் சொல்வதில்லை. பிந்தி வந்ததால் போனவரின் பழி கத்தியின் தலையில். நாங்கள் எடுப்பது விறைப்பூசி போட்டு ஓர் அரிசிமணி அளவு, பிறகு ஓரிரு தையல். அது பரப்பாது. வாய்ப்புற்றுநோய் என்றால் அந்தத் துண்டின் சோதனை முடிவு இல்லாமல் புற்றுநோய்ச் சிகிச்சை தரும் தெல்லிப்பளை வைத்தியசாலையிலும் சிகிச்சை தொடங்காது, மஹரகமவிலும் தொடங்காது. இரத்தம் என்ன சொன்னாலும் கடைசியில் வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

வெற்றிலை போடுகிறவர்கள் மாதம் ஒருமுறையாவது கண்ணாடி முன் நின்று, டோர்ச் அடித்து, நாக்கைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வாய் திறக்க இறுக்கம், 3 கிழமை தாண்டியும் ஆறாத புண் இருந்தால் பல் வைத்தியரிடம் வாருங்கள். அரசாங்க வைத்தியசாலையில் காசு கேட்க மாட்டார்கள். புகையிலையை விட்டுவிட்டேன், பாக்கு மட்டும்தான் என்று சமாளிக்காதீர்கள். பாக்குத் தனியாகவே புற்றுநோயைத் தரும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, தயவுசெய்து அடுத்த செய்தியை அனுப்புமுன் அப்பாவை வீடியோ அழைப்பில் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கிளினிக்குக்குப் போக ஓட்டோக் காசும் அனுப்புங்கள்.