கற்பூரவல்லியை அரைத்துப் புண்ணில் வைக்காதீர்கள்

சென்ற வாரம் ஒருவருடைய காலில் கட்டைப் பிரித்தபோது, பஞ்சுக்கு அடியில் ஏதோ பச்சையாக, பசையாக அப்பியிருந்தது. முதலில் கற்பூரவல்லியின் மணம் வந்தது. அதற்குப் பின்னால் அழுகல் வாடை. டீக்கடை நடத்துபவர், வயது 54, சர்க்கரை நோய் வந்து 15 ஆண்டுகள் ஆகின்றன. "தைவானில் இதில்தான் மருந்து செய்கிறார்களாம், டாக்டர். மகள் வாட்ஸ்அப்பில் படித்துக் காட்டினாள்" என்றார். கற்பூரவல்லியோடு வல்லாரையையும் சேர்த்து அம்மியில் அரைத்து, மூன்று வாரமாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த மூன்று வாரமும் அவர் விடியற்காலை நான்கு மணி முதல் கடையில் நின்றுகொண்டேதான் இருந்தார். பெருவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. இந்த மழைக்காலத்தில் இலைப் பசையோடு என்னிடம் வந்தவர்களில் அவர் நான்காவது நபர்.

அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய்யாக இருந்திருந்தால் என் வேலை எளிதாக இருந்திருக்கும். அது பாதி உண்மை. கற்பூரவல்லி, வல்லாரை ஆகிய இரண்டு செடிகளிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களைக் கொண்டு தைவானில் ஒரு களிம்பு உருவாக்கப்பட்டது. 2021-இல் அந்நாட்டு அரசு அதற்கு அனுமதியும் கொடுத்தது. சர்க்கரை நோயால் பாதத்தில் புண் வந்த 236 பேரிடம் ஆய்வு நடந்தது. 16 வாரத்தில், களிம்பு பூசியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 61 பேருக்குப் புண் முழுவதும் மூடியது. ஈரத்தை உறிஞ்சும் கட்டு மட்டும் போட்டவர்களில் 35 பேருக்கு மூடியது. நல்ல முடிவு. படித்தபோது எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பதைச் செய்தி சொல்லவில்லை. செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்த பிறகு, சீழோ கிருமித் தொற்றோ இல்லாத, காலுக்கு ரத்த ஓட்டம் போதுமான அளவு இருக்கிறது என்று அளந்து பார்த்த புண்களை மட்டுமே சேர்த்தார்கள். எலும்புக்குத் தொற்று பரவிய புண்ணை அவர்கள் தொடவே இல்லை. களிம்பு என்பது எல்லாம் சரியாகச் செய்த பிறகு கடைசியாக வைத்த பொருள். நம் வீட்டில் அதுதான் முதல் பொருள், பல நேரங்களில் அது ஒன்றுதான்.

இலை வேறு, அந்தக் களிம்பு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியிலிருந்து பறித்த இலையில் மண் இருக்கும், பூஞ்சை இருக்கும், வில்வாத ஜன்னி (டெட்டனஸ்) உண்டாக்கும் கிருமியின் வித்துகளும் இருக்கலாம். கழுவினால் போகாது. அம்மியிலும் மிக்சியிலும் நேற்று அரைத்தது ஒட்டியிருக்கும். இருமலுக்குக் கற்பூரவல்லி போடுங்கள், வல்லாரைத் துவையல் சாப்பிடுங்கள், எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. திறந்த சதையில் வைக்காதீர்கள்.

ஆறாப்புண்ணுக்கு மேற்பூச்சு மருந்து கண்டுபிடிப்பது மிகவும் கடினமான வேலை. புண்ணில் ஊறும் நீரிலேயே புரதத்தை அரிக்கும் நொதிகள் நிறைந்திருக்கும். சதை வளரத் தூண்டுவதற்காக நாம் வைக்கும் வளர்ச்சிப் புரதத்தையும் அவை அரித்துவிடும். புண் சிறிதானது என்று காட்டினால் அனுமதி கிடைக்காது. முழுவதும் மூடி, கசிவு நின்று, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாலும் மூடியே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல். 1997-இல் பெகாப்லெர்மின் என்ற வளர்ச்சிப் புரத ஜெல் அங்கே அனுமதி பெற்றது. (அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.) அந்த ஜெல்லின் தொடக்க கால ஆய்வு ஒன்றில் தெரியவந்த ஒரு செய்தியை ஒவ்வொரு பயிற்சி மருத்துவரிடமும் சொல்கிறேன்: செத்த சதையை அடிக்கடி வெட்டி அகற்றிய மையங்களில்தான் புண்கள் நன்றாக ஆறின. கத்தியை அரிதாக எடுத்த இடங்களில் ஜெல் பூசியும் அவ்வளவாக ஆறவில்லை.

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. இதயத் துடிப்பைக் குறைக்க ஊசியாகப் போடும் எஸ்மோலால் மருந்தைப் புனேயில் உள்ள ஒரு நிறுவனம் ஜெல்லாக மாற்றியது. 2024-இல் வெளியான ஆய்வு முடிவின்படி, 12 வாரத்தில் அந்த ஜெல்லோடு முறையான பராமரிப்பும் பெற்றவர்களில் நூற்றுக்கு 60 பேருக்குப் புண் மூடியது. பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் 42 பேருக்கு. எல்லோரும் 60-ஐப் பார்க்கிறார்கள். அந்த 42-ஐயும் பாருங்கள். எந்தப் புது ஜெல்லும் இல்லாமல், சுத்தம் செய்து, கட்டு மாற்றி, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, காலில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டதில் மட்டும் ஆறியவர்கள் அவர்கள்.

பாரம் என்றேன். என்னை மிகவும் வருத்தும் விஷயம் இதுதான். புண்ணில் என்ன தடவுவது என்று கேட்காதவர்கள் இல்லை. அந்தக் காலால் நடக்கலாமா என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உங்கள் செருப்பில் ஒரு சிறு கல் புகுந்தால் இரண்டு அடிக்குள் நொண்டுவீர்கள். சர்க்கரை நோயால் நரம்பு மரத்தவர் நொண்டமாட்டார். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள புண்ணின் மேல் அவருடைய முழு உடலும் ஏறி இறங்குகிறது, ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை. காலையில் துளிர்த்த புதுச் சதை மாலைக்குள் நசுங்கிவிடும். அதன் மேல் தைவான் களிம்பு என்ன செய்யும்? "வலியே இல்லை, டாக்டர், ஆறிக்கொண்டுதான் வருகிறது" என்று சொல்வார்கள். வலி இல்லாததுதான் நோயே.

இதை நமக்குக் கற்றுக்கொடுத்த ஊர் தொலைவில் இல்லை. 1946-இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் சதை தானாக அழுகுகிறது என்று உலகமே நம்பிய காலத்தில், அவர்களுடைய சதை நம் சதையைப் போலவே ஆறும் என்று காட்டினார். வலி உணர்வு போனதால் அவர்கள் கையையும் காலையும் காயப்படுத்திக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான். பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டுப் பாரத்தைப் பரப்பினால் புண் ஆறியது. 1960-களில் அவர் அமெரிக்கா போனபோது அந்த முறையும் அங்கே போனது. சர்க்கரைப் புண்ணுக்கு இன்றும் உலகின் பல நாடுகளில் அதைப் போடுகிறார்கள். வேலூருக்குப் பக்கத்திலிருந்து வருபவரிடம் மாவுக்கட்டு என்றால், "எலும்பு முறியவில்லையே" என்கிறார். மருத்துவர்களாகிய நாங்களும் குற்றவாளிகள்தான். ஜெல் எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும். மாவுக்கட்டு போட அரை மணி நேரம் வேண்டும்.

தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வையுங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் ஆணிக்கு மருந்துக் கடையில் விற்கும் பிளாஸ்டரை ஒட்டாதீர்கள், அதில் இருப்பது அமிலம். காய்ப்பைப் பிளேடால் சீவாதீர்கள். வெந்நீரில் காலை வைக்காதீர்கள். நேர்த்திக்கடன் என்றாலும் நண்பகலில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றாதீர்கள். அதிகாலையில் போங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுங்கள். நான்கு வாரம் சரியாகப் பராமரித்தும் புண் பாதி அளவுக்குச் சுருங்கவில்லை என்றால் களிம்பை மாற்றிப் பயனில்லை. ரத்த ஓட்டத்தையும் எலும்பையும் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாக ஆறாமல் இருக்கும் புண் என்றால் ஓரத்தில் சிறு துண்டு எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யாமல் வளர்ச்சிப் புரத ஜெல் எதையும் தடவக் கூடாது. கால் சிவந்து வீங்கினால், காய்ச்சல் வந்தால், அன்றே வாருங்கள். திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டாம்.

வரும்போது தினமும் போடும் செருப்பை எடுத்து வாருங்கள், புதுச் செருப்பை அல்ல. அதன் தேய்மானம் எனக்கு நிறையச் சொல்லும். இலையோ சுண்ணாம்போ எதைத் தடவியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். திட்டமாட்டேன்.