கொப்பியின் கடைசிப் பக்கம்

"இவ்வளவு அடி வாங்கியும் ஏன் அந்த வீட்டிலேயே கிடக்கிறாள்?" வட கொழும்பில் உளவளத் துணையாளராக வேலை செய்யும் என்னிடம் படித்தவர்கள்கூட இதைத்தான் கேட்கிறார்கள். பயம் உண்டு, மானம் உண்டு. ஆனால் நான் கண்ட வரையில் காலைக் கட்டிப்போடுவது காசு.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு தாய், மகளின் பழைய கணக்குக் கொப்பியை என் மேசையில் விரித்தார். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: வாடகை, ஆறு மாத அட்வான்ஸ், காஸ் சிலிண்டர், ஸ்கூல் வேன். எதிரே ஒரே ஒரு வரவு, தையல் கூலி. தாலிக்கொடி ஏற்கெனவே அடகில். "எத்தனை தரம் கூட்டினாலும் காணாது மிஸ்" என்றார். தகப்பனின் செருப்புச் சத்தம் கேட்டதும் எட்டு வயது மகள் தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாளாம். அந்தச் செலவை எந்தக் கொப்பியில் எழுதுவது?

2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது, வெளியேறியிருந்த சிலர் பிள்ளைகளோடு அதே வீடுகளுக்குத் திரும்பிப் போனதைப் பார்த்தேன். அடித்தவர்கள் திருந்தியதால் அல்ல.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பலர் கவனிக்காத பக்கம் இதுதான். நீதவான் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். அடிப்பவர் அந்த வீட்டுக்குள் வருவதைத் தடுக்கலாம், அவசரப் பண உதவி கொடுக்கும்படியும் சொல்லலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் அதிகாரியே விண்ணப்பிக்கலாம். 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டப்படி பிள்ளைகளுக்குக் காசு கேட்க விவாகரத்து வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

நடைமுறை அவ்வளவு சுலபமில்லை. ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் ஓட்டோக் காசும் போகும். மாதச் சம்பளம் வாங்குபவர் என்றால் பிள்ளைகளுக்கான காசை அவரின் சம்பளத்தில் பிடிக்கலாம். நாட்கூலிக்காரரிடம் எதைப் பிடிப்பது? அதனால்தான், வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேச உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவை முதலிலேயே நாடச் சொல்கிறேன். பிள்ளைக்கு ஆபத்தென்றால் தொலைபேசி எண் 1929, பெண்களுக்கு 1938. பக்கத்து வீட்டுக்காரரும் அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும்.

அந்தத் தாய்க்குக் கட்டளை கிடைத்தது. வீட்டை விட்டுப் போனது அவர் அல்ல, கணவர். அடுத்த முறை வந்தபோது மறுபடி கொப்பியை விரித்தோம். ஆறு மாத அட்வான்ஸ் என்ற வரியை அவரே பென்சிலால் வெட்டினார். வாடகை என்ற வரி அப்படியே இருந்தது.