கண் நிற்கும் இடத்தில்தான் காசு

குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு, இணையதள விளம்பரம் எப்படி விற்கப்படுகிறது என்பதைப் பாதிக்கு மேல் விளக்கத் தேவையில்லை. சாளைக் கூடை தரையில் இருக்கிறது, சுற்றி வியாபாரிகள். விலை ஏறுகிறது, ஒவ்வொருவராக விலகுகிறார்கள், கடைசியில் ஒருவர் மிஞ்சுகிறார். அவர் மனதுக்குள் ஐயாயிரம் வரை போகலாம் என்று வைத்திருந்திருக்கலாம். ஆனால் அடுத்தவர் நாலாயிரத்தில் பின்வாங்கிவிட்டால், நாலாயிரத்துச் சொச்சத்தில் கூடை அவருடையது. அதாவது விலையைத் தீர்மானித்தவர் வென்றவர் அல்லர், அவருக்கு அடுத்தபடியாக நின்றவர். இந்த நுட்பத்தைக் கணித வடிவில் 1961இல் எழுதிக் காட்டியவர் வில்லியம் விக்ரி. 1996இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது.

நீங்கள் கைபேசியில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அதில் விளம்பரத்துக்காகக் காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஏலம் நடக்கிறது. கேட்பவை இயந்திரங்கள். ஏறத்தாழ ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். நெடுங்காலம் இது மீன் ஏலம் போல, அடுத்தபடியாக நின்றவரின் விலையைக் கொடுக்கும் இரண்டாம் விலை ஏலமாகத்தான் இருந்தது. கூகுள் தன் பெரிய விளம்பரச் சந்தையை 2019இலும், சிறிய தளங்கள் பயன்படுத்தும் ஆட்சென்ஸ் என்ற விளம்பரச் சேவையை 2021இலும் முதல் விலை ஏலத்துக்கு மாற்றியது. இப்போது நடப்பது மீன் ஏலம் அல்ல, உறையில் மூடிப் போடும் ஒப்பந்தப்புள்ளி. கேட்ட விலையை அப்படியே கொடுத்தாக வேண்டும். அப்படியென்றால் யாரும் நிதானித்துத்தான் கேட்பார்கள். இந்தக் கட்டம் இதுவரை எப்படி இருந்தது, இதில் போட்ட விளம்பரத்தை யாராவது பார்த்தார்களா என்று, ஏலம் கேட்கும் இயந்திரம் பழைய கணக்கைப் புரட்டுகிறது. விளம்பரத்தை எங்கே வைக்கிறோம் என்பது வருமானமாக மாறுவது இந்த இடத்தில்தான்.

‘பார்த்தார்கள்’ என்பதற்கு இத்துறையில் ஓர் அளவுகோல் உண்டு. விளம்பரத்தின் பரப்பில் குறைந்தது 50 சதவீதம், தொடர்ந்து ஒரு விநாடியாவது திரையில் தெரிந்திருக்க வேண்டும். காணொளி விளம்பரம் என்றால் இரண்டு விநாடி. அவ்வளவுதான் கேட்கிறார்கள், அதுவும் கிடைப்பதில்லை. 2014இல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், தன் விளம்பரச் சேவைகள் வழியே ஓடிய விளம்பரங்களில் 56.1 சதவீதம் இந்தச் சின்ன அளவுகோலையும் எட்டவில்லை என்று தெரியவந்தது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. அதிகம் தெரியும் இடம் பக்கத்தின் உச்சி அல்ல. திரையை நகர்த்தாமலே தெரியும் பகுதியின் அடிவிளிம்பையொட்டிய இடம்.

ஏன் என்று யோசித்தால் ஆச்சரியம் இல்லை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போகும்போது சாலையோரத்தில் எத்தனை பலகைகள் கடந்து போகின்றன, எது நினைவில் நிற்கிறது? கன்னியாகுமரிப் படகுத்துறை வரிசையில் நிற்கும்போது சுவரில் ஒட்டியிருக்கும் துண்டு நோட்டீஸைக்கூட மூன்று தடவை படித்துவிடுகிறோம். பலகையின் அளவு அங்கே பொருட்டே இல்லை, கால் நிற்கிறது, அதனால் கண்ணும் நிற்கிறது. பக்கத்தின் உச்சி பஸ் ஜன்னல் மாதிரி. வாசகர் தலைப்பைப் பார்த்ததுமே கட்டைவிரலால் தள்ளிவிடுகிறார்.

தள்ளாவிட்டாலும் சிக்கல்தான். 1998இல் பென்வே, லேன் என்ற இரு ஆய்வாளர்கள் சிலரிடம் ஒரு இணையதளத்தில் குறிப்பிட்ட தகவலைத் தேடச் சொன்னார்கள். தேடிய தகவலுக்கான வழியே பளிச்சென்ற பட்டையாக எதிரில் இருந்தும் பலர் அதைக் கவனிக்கவில்லை. விளம்பரம் போலத் தோன்றியதுதான் காரணம். பட்டைக் குருடு என்று இதைச் சொல்லலாம். பளபளப்பைக் கூட்டினால் பார்ப்பார்கள் என்று நினைப்பவர்கள் இந்தச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நான் நடத்தும் சின்னத் தளத்தில் எங்கள் ஊர்ச் சமையலும் சுற்றுலாக் குறிப்புகளும் இருக்கும். 2018 பிப்ரவரியில் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்ட பிறகுதான் இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தலைவலியானது. உள்ளித் தீயல் (சின்ன வெங்காயக் குழம்பு) செய்முறைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நான் பெருமையாக எழுதிய முன்னுரை. அதை யாரும் படிப்பதில்லை, வருத்தம்தான். நேராகத் தேவையான பொருட்கள் பட்டியலுக்குப் போகிறார்கள். அங்கே திரை நின்றுவிடுகிறது. தேங்காய்த்துருவல் எவ்வளவு, மல்லி எவ்வளவு என்று பார்த்து எடுத்து வைக்கிறார்கள். பிறகு தேங்காயை வறுக்கும் படி. பொன்னிறம் தாண்டிச் சிவக்க வேண்டும், கருகக் கூடாது. அடுப்படியில் ஒரு கை கரண்டியில் இருக்கும்போது யார் திரையைத் தள்ளுவார்கள்? கைபேசி மேடையில் சாய்ந்தபடி நிமிடக்கணக்கில் அதே இடத்தில் நிற்கிறது. முன்னுரைக்கு மேலே இருந்த விளம்பரக் கட்டத்தை எடுத்து, பட்டியலுக்கும் வறுக்கும் படிக்கும் நடுவில் வைத்தேன். அந்தப் பக்கத்தில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

இது தெரிந்ததும் எல்லாருக்கும் வரும் ஆசை எனக்கும் வந்தது: ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஒன்று வைத்தால் என்ன? ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம். பக்கத்தை 1,000 பேர் பார்க்கிறார்கள், மூன்று கட்டங்கள். ஒரு விளம்பரம் ஒரு தடவை வந்தால் ஒரு தோற்றம், ஆக 3,000 தோற்றங்கள். ஆயிரம் தோற்றத்துக்கு 20 ரூபாய் என்றால் 60 ரூபாய். எட்டுக் கட்டங்களாக்கினால் 8,000 தோற்றங்கள். ஆனால் பாதிக் கட்டங்களைக் கண்டுகொள்ள ஆளில்லை. பழைய கணக்கு கெட்டு, கேட்கும் விலை 6 ரூபாயாக இறங்கினால் கிடைப்பது 48. தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ வரத்து கூடிய நாளில் விலைக்கு என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். வாசகரின் பொறுமைக்கும் எல்லை உண்டு. கைபேசியில் உள்ளடக்கத்தின் உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் இருந்தால் அது தொல்லை என்று ‘கொயலிஷன் ஃபார் பெட்டர் ஆட்ஸ்’ என்ற கூட்டமைப்பு வரையறுத்திருக்கிறது. அதன் வரையறைகளைத் தொடர்ந்து மீறும் தளங்களின் விளம்பரங்களை 2018 பிப்ரவரி 15 முதல் குரோம் உலாவியே தடுக்கத் தொடங்கியது.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது வேறொன்று. ஒரு பக்கத்தில் படகு நேரத்தைத் தொடப் போகிறீர்கள். அந்த நொடியில் தாமதமாக வந்த விளம்பரம் எல்லாவற்றையும் கீழே தள்ளுகிறது, விரல் விளம்பரத்தில் விழுகிறது. சொடுக்கு கிடைத்துவிட்டது என்று தளக்காரர் மகிழ்ந்தால் அது அறியாமை. தவறுதலான சொடுக்குகளைக் கண்டுபிடித்து வருமானத்திலிருந்து கழித்துவிடுகிறார்கள், மிஞ்சினால் கணக்கையே முடக்குகிறார்கள். இந்தத் துள்ளலைக் கூகுள் ஓர் எண்ணாகவே அளக்கிறது. துள்ளலால் பாதிக்கப்பட்ட பரப்பு திரையில் எத்தனை பங்கு, நகர்ந்த தூரம் எத்தனை பங்கு, இரண்டையும் பெருக்க வேண்டும். பாதித் திரையை அடைத்திருந்த ஒரு பத்தி, திரையின் கால் பங்கு கீழிறங்கினால் பாதிப்பு 0.75 (முன்பு இருந்த பாதியும் புதிதாகப் பிடித்த காலும்), தூரம் 0.25, பெருக்கினால் 0.1875. நல்ல பக்கத்துக்கு இந்த எண் 0.1க்குள் இருக்க வேண்டும். மருந்து மிக எளிது. விளம்பரம் வருவதற்கு முன்பே அதன் உயரத்துக்கு வெற்றிடத்தை ஒதுக்கி வைத்தால் போதும். கல்யாண வீட்டில் வராத விருந்தாளிக்கு இலை போட்டு வைப்பது போலத்தான், ஆனால் பந்தி கலையாது.

வேகத்தையும் விட முடியாது. பேச்சிப்பாறைப் பக்கம் ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் பக்கத்தைத் திறப்பவருக்கு, கீழே இருக்கும் நான்காவது விளம்பரத்தை முதலிலேயே இறக்குவது வீண். அவர் அதன் அருகில் வரும்போது இறக்கினால் பக்கமும் சீக்கிரம் திறக்கும், பார்க்கப்படாத தோற்றமும் கணக்கில் சேராது.

இவற்றில் எது எந்தத் தளத்துக்குப் பொருந்தும் என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், குறைந்தது இரண்டு வாரம், சனி ஞாயிறு உட்பட. விளம்பரம் படகு நேரப் பட்டியலுக்கு மேலேயா கீழேயா என்று இப்போது நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்து நாள் ஒழுங்காகப் போனது. பதினோராம் நாள் கடல் சீற்றம், படகு நிறுத்தம். படகு உண்டா இல்லையா என்று பார்க்க ஒரே காலையில் கூட்டம் வந்து குவிந்து, கணக்கு குழம்பிவிட்டது. மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.