மூன்று சிக்மாவுக்குத் துணிக்கை பிறக்காது

பரந்தனிலிருந்து வவுனியா வரை உயர்தர வகுப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் அதே செய்தி: "சேர்னில் புதிய துணிக்கை, 99.7 வீதம் உறுதி." (சேர்ன் என்பது ஜெனீவா அருகே புரோத்தன்களை மோதவிட்டு ஆராயும் நிலையம்.) போதும், நிறுத்துங்கள்.

அந்த 99.7 வீதம் மூன்று சிக்மாவிலிருந்து வருவது; சிக்மா என்பது தரவின் வழமையான ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு. மூன்று சிக்மா என்பது துணிக்கை இருப்பதற்கான வாய்ப்பு அல்ல. துணிக்கையே இல்லை என்று வைத்துக்கொண்டு, வழமையான புரோத்தன் மோதுகைகளின் பின்னணி மட்டும் தரவின் வரைபில் இப்படியொரு மேட்டை எத்தனைக்கு ஒருதரம் காட்டும் என்பதே அந்த எண். மேல்நோக்கிய ஏற்றத்தை மட்டும் எண்ணினால் ஏறத்தாழ 740க்கு ஒருதரம். யானைக்காக வேலியில் கட்டிய தகரப்பேணியை நினையுங்கள். காற்றுக்கு அது பலமாக அடிப்பது அபூர்வம்தான். ஆனால் நள்ளிரவில் அடித்தால் ஒட்டுசுட்டானில் யானை என்பீர்கள், யாழ்ப்பாண நகரத்தில் காற்று என்பீர்கள். சத்தம் ஒன்றுதான், யானை நடமாடும் இடமா என்பதைப் பேணி சொல்லாது.

வேலி நெடுக நூறு பேணி கட்டினால் ஏதாவதொன்று அடிக்கத்தான் செய்யும். 2015 டிசம்பரில் நடந்தது அதுதான். இரு போட்டோன்களின் (ஒளித்துணிக்கைகளின்) திணிவுப் பரம்பலில் 750 கிகா இலத்திரன்வோல்ற்றருகே (துணிக்கைத் திணிவுக்கான அலகு அது) சேர்னின் அட்லஸ் கருவி கண்ட மேடு, அந்த இடத்தை மட்டும் பார்த்தால் 3.6 சிக்மா: சுமார் 6,000ல் ஒன்று. தேடிய வீச்சு முழுவதையும் சேர்த்தால் 2 சிக்மா: 44ல் ஒன்று. அங்குள்ள இன்னொரு கருவியான சி.எம்.எஸ்.இலும் அதையண்டி ஒரு சின்ன மேடு தெரிந்ததில்தான் பலர் மயங்கினார்கள். (கோட்பாட்டாளர்கள் நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதித் தள்ளினார்கள், நம் பிள்ளைகளை மட்டும் ஏசி என்ன?) 2016 ஆகஸ்டில், ஏறத்தாழ நான்கு மடங்கு புதுத் தரவு வந்ததும் மேடு கரைந்தது. கருவியில் பிழையில்லை, வெறும் ஏற்ற இறக்கம்.

ஹிக்ஸ் துணிக்கையை 2012 ஜூலை 4இல் அறிவித்தபோது இரு கருவிகளும் தனித்தனியே 5 சிக்மா அளவில் நின்றன. அது 35 இலட்சத்தில் ஒன்று.

பகிர முன்னர் பாருங்கள்: இரு கருவிகளும் கண்டனவா? சொன்ன சிக்மா ஓரிடத்துக்கா, முழு வீச்சுக்குமா? எந்த மோதுகைகளை எடுப்பது என்ற விதியைத் தரவைத் திறக்க முன்பே பூட்டினார்களா? பதில் இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு கெஞ்சல். சேர்னின் திறந்த தரவுத் தளத்தில் மியூவோன் (இலத்திரனின் பாரமான உறவுத் துணிக்கை) சோடிகளின் கோப்புகள் இலவசம். இரு சக்திகளின் பெருக்கத்தை இரட்டித்து, ஒன்றிலிருந்து இடைக்கோணத்தின் கோசைனைக் கழித்து வருவதால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் திணிவு. விரிதாளில் வரையச் சொல்லுங்கள். 3.1இலும் 91 கிகா இலத்திரன்வோல்ற்றிலும் எழும், ஏற்கெனவே அறிந்த துணிக்கைகளின் மேடுகளைப் பிள்ளைகள் தாங்களே காணட்டும்.