முழங்கால் உயர ராஜா எங்கே நிற்கிறார்?

கோடை விடுமுறையில் மகளுக்கு ஒரு பழைய படம் போட்டுக் காட்டிய வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "படம் வந்தது 1959இல். கிராஃபிக்ஸ் செய்யக் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு கிழவரும், அவருடைய முழங்கால் உயரமே இருக்கும் ஒரு ராஜாவும் ஒரே ஷாட்டில் பேசிக்கொள்கிறார்கள். வெட்டி ஒட்டிய தடமே தெரியவில்லையே, எப்படி?"

பல ஷாட்டுகளில் ஒட்டவே இல்லை. அதனால்தான் தடம் தெரியவில்லை.

அவர் சொல்வது 'டார்பி ஓ'கில் அண்ட் த லிட்டில் பீப்பிள்'. டிஸ்னி தயாரிப்பு, ஐந்து வருடம் கழித்து 'மேரி பாப்பின்ஸ்' எடுத்த அதே ராபர்ட் ஸ்டீவன்சன்தான் இயக்குநர். ஐரிஷ் கிராமத்துக் கிழவர் டார்பி ஒரு குன்றின் மேல் கிணற்றுக்குள் விழுந்து, லெப்ரகான் என்னும் குட்டி மனிதர்களின் ராஜசபையில் போய்ச் சேர்கிறார். அங்கே பிடில் வாசிக்கிறார், எல்லோரும் ஆடுகிறார்கள், அவர் தப்பித்துவிடுகிறார். அப்புறம் அதே ராஜாவைக் குடிக்க வைத்தே பிடித்து மூன்று வரம் கேட்கிறார். இன்று இந்தப் படத்தை யாராவது நினைவு வைத்திருந்தால் அது ஷான் கானரிக்காகத்தான். ஜேம்ஸ் பாண்ட் ஆவதற்கு மூன்று வருடம் முன்பு இதில் பாட்டெல்லாம் பாடுகிறார். காதல் கதை சுமார். டார்பியும் ராஜாவும் வரும் இடங்களுக்காகவே நான் இதை நான்கு முறை பார்த்திருக்கிறேன்.

அடிப்படை வித்தை உங்களுக்குத் தெரிந்ததுதான். மாமல்லபுரம் போனால் கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டையை ஒற்றைக் கையால் தாங்குவதுபோலப் படம் எடுத்துக்கொள்கிறோம் அல்லவா, அதே சமாசாரம். தூரம் நான்கு மடங்கானால் உருவம் கால்வாசியாகத் தெரியும். சினிமாக்காரர்கள் இதை ஃபோர்ஸ்டு பெர்ஸ்பெக்டிவ் என்பார்கள். ராஜாவாக நடித்தவர் டப்ளின் நகைச்சுவை நடிகர் ஜிம்மி ஓ'டீ, டார்பியாக நடித்தவர் ஆல்பர்ட் ஷார்ப். இருவரும் சாதாரண உயரக்காரர்கள். ஒருவர் கேமராவுக்கு அருகில், மற்றவர் வெகு தூரத்தில். நமக்கு இரண்டு கண் இருப்பதால் நேரில் உடனே கண்டுபிடித்துவிடுவோம். கேமராவுக்கு ஒற்றைக் கண், ஏமாந்துவிடும்.

இவ்வளவுதானா என்று கேட்டால், இல்லை. அந்த வெண்ணெய் உருண்டைப் படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். கையும் பாறையும் சரியாகப் பொருந்தியிருக்கும். ஆனால் கால்? பாறை உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வெகு கீழே, படத்தின் அடியில் தனியாக நின்றுகொண்டிருக்கும். தரை காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்த வித்தையில் மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் தரையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. டார்பி கேமராவிலிருந்து 10 அடியில் நிற்கிறார். ராஜா கால்வாசி உயரமாகத் தெரிய வேண்டும், ஆகவே அவர் 40 அடியில். கேமரா தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கிறது. இருவரும் ஒரே தரையில் நின்றால் ராஜாவின் பாதம் படத்தில் டார்பியின் பாதத்துக்கு வெகு மேலே, ஏறக்குறைய அவர் இடுப்புக்குப் பக்கத்தில் போய்விடும். பார்க்கிறவர் மூளை அந்தக் கணமே, ஓ, அவர் தூரத்தில் நிற்கிறார் என்று கண்டுபிடித்துவிடும்.

சரி, ராஜாவின் பாதத்தைக் கீழே கொண்டுவர என்ன செய்யலாம்? கேமராவிலிருந்து டார்பியின் பாதத்துக்கு ஒரு நூல் கட்டுங்கள். 10 அடி தள்ளிப் போவதற்குள் அது 4 அடி இறங்குகிறது. அதே நூலை அப்படியே நீட்டினால் 40 அடியில் 16 அடி இறங்கியிருக்கும். ராஜாவின் தரை அங்கேதான் இருந்தாக வேண்டும். அதாவது டார்பி நிற்கும் தரையைவிட 12 அடி கீழே! டார்பி உயரமான ஒரு மேடையில் நிற்கிறார், ராஜா அதற்கு அப்பால், கீழே, தனிச் செட்டில் நிற்கிறார். மேடையின் விளிம்பும் பின்னால் இருக்கும் தரையும் கேமராவின் பார்வையில் ஒரே கோட்டில் சந்திக்கின்றன. நடுவில் இருக்கும் அந்தப் பெரிய பள்ளம் படத்தில் ஒரு மயிரிழைகூட இடம் பிடிப்பதில்லை.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கேமரா லென்ஸ் என்னும் ஒரு புள்ளியிலிருந்து பார்த்து, ராஜாவின் உலகம் முழுவதையும் நான்கு மடங்கு ஊதிப் பெருக்கித் தள்ளி வைத்துவிடுகிறார்கள். தூரம் நான்கு மடங்கு, பள்ளம் நான்கு மடங்கு, சிம்மாசனம், தூண், தரைக் கற்கள் எல்லாம் நான்கு மடங்கு. அந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அறை. ஓர் அடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டு துண்டு செட்டும் நடுவில் ஓட்டையும். ஆகவே கேமரா நகரக் கூடாது. நகர்ந்தால் அருகில் இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் விலகும், வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும். இந்தத் தடையைத் தாண்டியது 2001இல் வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. கேமரா நகர நகர, நடிகரையும் மேசையையும் தாங்கிய மேடையையும் கணக்காக நகர்த்தினார்கள்.

இன்னொரு தொல்லை ஃபோகஸ். 10 அடியில் இருப்பவரும் 40 அடியில் இருப்பவரும் ஒரே நேரத்தில் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஒருவர் கொஞ்சம் மங்கினாலும் தூரம் வெளிப்பட்டுவிடும். வழி எளிது, லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஏறக்குறைய எஃப் 11 வரை (இந்த எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்). வழக்கமான எஃப் 2.8உடன் ஒப்பிட்டால் துவாரத்தின் விட்டம் கால்வாசி, பரப்பு பதினாறில் ஒரு பங்கு. எனவே 16 மடங்கு வெளிச்சம் வேண்டும். ராஜாவின் செட்டோ நீளத்தில் நான்கு மடங்கு, அகலத்தில் நான்கு மடங்கு. அங்கே 16 மடங்கு பரப்பை அதே பிரகாசத்தில் நிரப்ப வேண்டும். பெருக்கிப் பாருங்கள், பின்பக்கச் செட்டுக்கு மட்டும் 256 மடங்கு. அந்தக் கால வண்ணப் படச்சுருளின் உணர்திறன் எண் 25, 50 என்ற அளவில்தான் இருந்தது. இன்றைய சினிமா கேமராக்களில் 800 சர்வசாதாரணம். அந்த விளக்குகளின் சூட்டில், சரிகைக் கோட்டும் தாடியுமாகக் குதித்து ஆடியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஒளிப்பதிவாளர் வின்டன் ஹோக். வண்ணப்படத் தொழில்நுட்பத்துக்குப் பேர்போன டெக்னிகலர் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பக்கத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். ஆய்வுக்கூடத்துக்குச் செலவழித்த பணம் இப்படி எங்கோ ஒரு குள்ள ராஜாவாக முளைக்கிறது. எதற்கு உதவும் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தால்தான் நிதி என்று அடம்பிடிக்கும் நம் ஆட்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். படத்தில் வரும் பச்சை மலைகள் பல, பீட்டர் எலன்ஷா என்ற ஓவியர் தீட்டியவை. படம் பிடித்தது கலிபோர்னியாவில்.

ஒரு குறை உண்டு, அதைச் சரிசெய்யவும் முடியாது. மனிதன் ஓர் அடி குதித்து இறங்க அரை விநாடி ஆகும். படத்தில் அது மூன்று அங்குலக் குதிப்பாகத் தெரிகிறது. நிஜமாகவே மூன்று அங்குலம் குதித்தால் கால் விநாடியில் தரையில் இருப்போம். புவியீர்ப்பு படத்துக்காகச் சுருங்காது. ஆகவே குட்டி மனிதர்கள் கொஞ்சம் மிதப்பது போல இறங்குவார்கள். அவர்களை மட்டும் வேகப்படுத்தவும் வழியில்லை, டார்பி அதே ஃபிரேமில் இருக்கிறாரே. பிடில் வேகமாகப் போவதால் நாம் இதைக் கவனிப்பதில்லை.

படத்தின் தொடக்கத்தில் ராஜா பிரையனுக்கும் அவருடைய லெப்ரகான்களுக்கும் வால்ட் டிஸ்னி எழுத்தில் நன்றி சொல்கிறார். தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும், அயர்லாந்துக்குப் போய் நிஜ ராஜாவையே நடிக்கக் கூட்டி வந்ததாகக் கதை விட்டார். பார்த்தவர்களுக்கு அது விளையாட்டு என்று தெரியும். இதே வித்தையில் எடுத்த 'காட்டில் சிக்கிய குள்ள மனிதன்' காணொளி வாட்ஸ்அப்பில் வரும்போது, அதை நம்பித் தாயத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. அப்படி ஒன்று வந்தால் முகத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். பாதமும் தரையும் சேரும் இடத்தை ஒரு கல்லோ புதரோ மறைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

வாசகியின் மகளுக்கு ஒரு வேலை. வீட்டு மேசை இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள். செல்போனை மேசைப் பரப்பிலிருந்து 10 அங்குலம் மேலே புத்தகங்களை அடுக்கி நிறுத்து. அங்கிருந்து 2 அடி தள்ளி, மேசையின் மறு விளிம்பில் ஒரு தண்ணீர் பாட்டிலை வை. அப்பாவைச் செல்போனிலிருந்து 8 அடி தள்ளித் தரையில் நிற்கச் சொல். மேசைக்கும் தரைக்கும் ஒரே நிறப் போர்வை விரித்துவிடு. 10 அங்குலத்தை நான்கால் பெருக்கினால் 40. மேசையின் 30 அங்குலத்தோடு அந்த 10ஐக் கூட்டினாலும் 40. கணக்கு சரியாக வருகிறதா? விளக்குக் கவலை வேண்டாம், செல்போன் லென்ஸின் குவியத் தூரம் சில மில்லிமீட்டர்தான், பாட்டிலும் அப்பாவும் ஏறக்குறைய ஒருசேரத் தெளிவாக விழுவார்கள். அப்பா மட்டும் பாட்டிலைப் பார்க்கக் கூடாது. அவருக்குப் பக்கத்தில், அவர் இடுப்பு உயரத்துக்கு ஒரு பாட்டில் நிற்பதாக நினைத்துக்கொண்டு வெற்று இடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும்.