மரத்துப்போனவனுக்கு விடுப்பு

சம்மணமிட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். அப்போது கிள்ளினாலும் உறைக்காது. எழுந்து ஊன்றும்போதுதான் சுரீர் என்று இழுக்கும். எரிக் மரியா ரெமார்க் 1929-இல் வெளியிட்ட ‘மேற்கு முனையில் புதிதாக ஒன்றுமில்லை’ என்ற ஜெர்மன் நாவலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கால்தான் நினைவுக்கு வருகிறது.

கதை சொல்லும் பால் பாய்மர், வகுப்புத் தோழர்களோடு முதல் உலகப் போருக்குப் போன பையன். அவர்களில் ஒருவனான கெம்மெரிக் கால் வெட்டப்பட்டுச் சாகக் கிடக்கிறான். அவனுடைய பூட்ஸ் மேல் இன்னொருவன் கண் வைக்கிறான். பால் இதைப் பதற்றமே இல்லாமல் சொல்லிக்கொண்டு போகிறான். நெஞ்சில் ஈரமில்லாத பயல்கள் என்று இந்த இடத்திலேயே முடிவுகட்டுவது பெரிய தவறு. தப்பிக்க வழியில்லாத ஆபத்து நாள்கணக்கில் நீடித்தால், துக்கத்தையும் அச்சத்தையும் மூளை அடக்கி வைத்துவிடுகிறது. உணர்ச்சி அழிவதில்லை, மரத்துப்போகிறது.

இதற்கு நேர்மாறாக உடம்பு கூர்மையாகிக்கொண்டே போகும். சும்மா நடந்துகொண்டிருப்பவன் திடீரென்று தரையில் விழுவான், சிதறல்கள் தலைக்கு மேலே பறக்கும், குண்டுச் சத்தம் கேட்டதாகக்கூட அவனுக்கு நினைவிருக்காது என்கிறான் பால். அது உண்மைதான். திடுக்கிடும் அனிச்சைக்குச் சிந்தனை தேவையில்லை. காதிலிருந்து மூளைத்தண்டுக்கும் அங்கிருந்து தசைகளுக்கும் செய்தி ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் போய்விடும். எந்தச் சத்தத்துக்கு அஞ்ச வேண்டும் என்று பழகிக்கொள்ளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி, அந்த அனிச்சையை இன்னும் முடுக்கிவிடும்.

பிறகு 14 நாள் விடுப்பும் பயணத்துக்கு 3 நாளும் கிடைத்து ஊருக்கு வருகிறான். தெருவில் டிராம் வண்டி கிறீச்சிட, குண்டு வருகிறதென்று துணுக்குறுகிறான். ‘இது ஊர், போர்முனை இல்லை’ என்று இடம் பிரித்துச் சொல்ல வேண்டியது ஹிப்போகேம்பஸ் என்ற இன்னொரு மூளைப் பகுதியின் வேலை. ஓயாத அச்சத்தில் பழகிய மூளையில் அந்தக் குரல் எடுபடுவதில்லை. உணர்வு மரத்தல், அதிகமாகத் திடுக்கிடுதல் இரண்டையும் அமெரிக்க மனநல மருத்துவர்கள் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு (PTSD) என்ற ஒரே நோயின் அறிகுறிகளாகத் தங்கள் நோய்க் கையேட்டில் சேர்த்தது 1980-இல்தான். ரெமார்க் போரில் காயப்பட்டவர். அரை நூற்றாண்டுக்கு முன்பே இரண்டையும் ஒரே பையனுக்குள் எழுதிவிட்டார்.

எனக்கு நாவலின் உச்சம் வீட்டு மாடிப்படிதான். அக்காவின் குரல் கேட்கிறது. “அம்மா, பால் வந்துட்டான்” என்கிறாள். அவனால் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து தலைக்கவசத்தையும் துப்பாக்கியையும் இறுகப் பிடித்துக்கொள்கிறான். கேட்காமலே கண்ணீர் வழிகிறது. இவன் திடீரென்று பலவீனமாகிவிட்டதாக நான் நினைக்கவில்லை. மரத்த காலை ஊன்றிவிட்டான், அவ்வளவுதான்.

கடைசி இரவில் நோயாளி அம்மா இருட்டில் அவன் கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். அவள் போனதும் தலையணையைக் கடித்துக்கொண்டு, கட்டிலின் இரும்புக் கம்பிகளைப் பற்றிக்கொள்கிறான். இங்கே வந்திருக்கவே கூடாது, அங்கே இருந்த அந்த மரப்பு இனி தனக்கு வாய்க்காது என்று தோன்றுகிறது அவனுக்கு.