முதுகு வளைந்த வயோமிங்

1909 டிசம்பரில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பாத் நகரின் பெர்சி அண்ட் ஸ்மால் கப்பல் கட்டும் தளத்தில் ‘வயோமிங்’ என்ற ஸ்கூனர் வகைப் பாய்க்கப்பல் தண்ணீரில் இறங்கியது. ஆறு பாய்மரங்கள். முன்னும் பின்னும் நீளும் கழிகளைச் சேர்த்தால் 137 மீட்டர். மேல்தளம் மட்டும் சுமார் 107 மீட்டர். முழுக்க மரம். ஒரு நடைக்கு 6,000 டன் நிலக்கரி ஏற்றும்.

இத்தனைக்கும் 13, 14 ஆட்களே போதும். ஸ்கூனரின் பாய்கள் கப்பலின் நீளவாக்கில் நிற்பவை. பெரிய பாய்களைத் தளத்திலிருந்தே ஏற்றி இறக்கலாம். பருமலில், அதாவது பாய்மரத்தின் குறுக்கே உயரத்தில் நிற்கும் கழியில், கட்டிய பாய் என்றால் ஆட்கள் மேலேறித்தான் சுருட்ட வேண்டும். வயோமிங்கில் பாயையும் நங்கூரத்தையும் தூக்கியது நீராவி இன்ஜின். கப்பலை ஓட்டுவது அதன் வேலையல்ல. உள்ளே கசியும் தண்ணீரை இறைக்கும் பம்பை இயக்குவதும் அதுதான். அந்தப் பம்புக்கு ஓய்வே கிடையாது.

காரணம் உடலின் நீளம். அகன்ற நடுப்பகுதியைத் தண்ணீர் நன்றாகத் தூக்கும். ஒடுங்கிய முன்முனையான அணியத்தையும் பின்முனையான பின்னணியத்தையும் அவ்வளவு தூக்காது, அங்கே மரத்தின் எடையோ குறைவில்லை. ஆகவே இரு முனையும் தொங்கி, நடு முதுகு எழும்பும். சரக்கில்லாமல் திரும்பும்போது இது மோசம். அலை வேறு: முகடு நடுவில் வந்தால் முதுகு எழும்பும், முனைகளில் வந்தால் வயிறு தொங்கும்.

ஓலைச்சுவடிக் கட்டை வளைத்துப் பாருங்கள், ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். பலகைகளும் அப்படித்தான். எத்தனை போல்ட் முடுக்கினாலும் மயிரிழை நகரும். இடுக்குகளில் அடைத்த கலப்பத்து நார் தளர்ந்து தண்ணீர் கசியும். சதுரச் சட்டம் சரிந்தால் மூலைவிட்டம் நீளுமல்லவா? அதைத் தடுக்கவே உடலெங்கும் குறுக்கும் மறுக்குமாக இரும்புப் பட்டைகள் பதித்தார்கள். கசிவு குறைந்தது, நிற்கவில்லை.

1924 மார்ச்சில் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து கனடாவின் செயின்ட் ஜானுக்குக் கரி ஏற்றிப் புறப்பட்டது. வழியில் வடகிழக்குப் புயல். மாசசூசெட்ஸின் சாத்தம் அருகே நங்கூரம் போட்டது. உடன் நின்ற ஐந்து பாய்மர ‘கோரா எஃப். கிரெஸ்ஸி’ நங்கூரம் தூக்கி ஆழ்கடலுக்கு ஓடித் தப்பியது. என் கணிப்பில் அதுதான் சரியான முடிவு. ஆழம் குறைந்த இடத்தில் அலை வேகமிழந்து, நெருங்கி, செங்குத்தாகும். சங்கிலியில் கட்டுண்ட கப்பலால் அதற்கு இசைந்து கொடுக்க முடியாது. பாரம் ஏற்றியபின் நீருக்கடியில் ஏறத்தாழ 9 மீட்டர் இறங்கி நிற்கும் உடலுக்கு மணல்திட்டும் எமன். பலகைகள் பிளந்தனவா, அடி தட்டியதா, சொல்ல ஆளில்லை, ஒருவரும் பிழைக்கவில்லை. 2003-இல் மோனமாய் தீவுக்கு அப்பால் அதன் சிதைவு கிடைத்தது.